பதினான்காம் பத்தி

தமிழ் வழக்கறிஞர்களான உங்களில் மூன்று பேர் இந்த ஆண்டு பிரிட்டனின் குடிவரவுத் தீர்ப்பாயத்தில் பகுதிநேர நீதிபதிகளாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். தீர்ப்பு எழுதுவதைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், தமிழிலேயே எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தீர்ப்பின் அமைப்பு, சட்டப் பிரிவுகளை எடுத்தாளும் முறை, கால எல்லை எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் ஒன்பது ஆண்டுகளும், அதன் தீர்ப்புகளுக்கு எதிரான முறையீடுகளைக் கேட்கும் மேல் தீர்ப்பாயத்தில் பதினோரு ஆண்டுகளும் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், முதுகு ஒத்துழைக்காததால் ஓய்வு பெற்றேன். முதல் நிலையில் இருந்தபோது என் தீர்ப்புகள் ஆறு ரத்துச் செய்யப்பட்டன. ஐந்தில் நான் சட்டத்தைப் பிழையாக வாசித்திருந்தேன். அவற்றிலிருந்து நீங்கள் கற்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறாவதில் சட்டப் பிழையும் இல்லை, நான் எழுதியது பொய்யும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றவில்லை. பெயர்களையே எழுதவில்லை.

அது ஒரு கணவன்–மனைவி விசா வழக்கு. கணவர் யாழ்ப்பாணத்தில். மனைவி லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில், தன் அக்கா குடும்பத்துடன். வயது முப்பத்தொன்பது. முதல் கல்யாணம் அவருக்கு அது. லண்டனிலிருந்து பதினெட்டு நாள் விடுப்பில் போய், யாழ்ப்பாணத்தில் திருமணத்தைப் பதிந்துவிட்டு வந்திருந்தார். நாங்கள் அதை எழுத்து என்போம். விசாவை மறுத்த கடிதத்தில் ஒரே காரணம்தான் பலமாக இருந்தது: பதிவு நடந்த பின்னும் இருவரும் ஒருநாள்கூட ஒரே கூரையின் கீழ் இருக்கவில்லை, ஆகவே இது உண்மையான திருமணம் அல்ல. விண்ணப்பப் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. 'திருமணத்தின் பின் சேர்ந்து வாழ்ந்தீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பெரிய எழுத்தில் பதில்.

விசாரணைக்கு வந்தவர்கள் மனைவியும், அவருடைய அக்காவின் கணவரும். அந்த அத்தானுக்குப் பிற்பகல் ஷிப்ட் இருந்ததால் அவரை முதலில் விசாரித்தோம். அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார்.

"வீடு என்ரை பேரிலை. மேல் அறை இவைக்கெண்டு ஒதுக்கிப்போட்டம். புது அலுமாரியும் வாங்கியாச்சு. வாறவர் வந்து உடுப்பைத் தொங்கவிட வேண்டியதுதான்."

"அலுமாரியைப் பற்றிக் கேள்வி இல்லை," என்றார் அரச தரப்பு அதிகாரி.

"நீங்கள் கேக்கேல்லை. நான் சொல்லிப்போட்டன்."

சாட்சியம் முடிந்ததும் அவர் ஷிப்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பின்வரிசையில், அடுத்துச் சாட்சி சொல்லவிருந்த மனைவிக்கு நேர் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து மனைவி. திருமணத்தின் பின் எங்கே தங்கினீர்கள் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். அவரும் எங்கள் ஆள்தான்.

"எழுத்துத்தான் முடிஞ்சது. தாலி கட்டேல்லை. நான் சித்தி வீட்டை நிண்டனான்."

மொழிபெயர்ப்பாளர் ஓர் இளைஞர், திறமையானவர். பதிவு மட்டும் நடந்தது, தாலிகட்டும் சடங்கு நடக்கவில்லை, நான் சிற்றன்னை வீட்டில் தங்கினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்லும் பிழையில்லை. அரச தரப்பு அதிகாரி எழுந்தார். பதினெட்டு நாளும் ஓர் இரவுகூட ஒன்றாக இருக்கவில்லையா என்று கேட்டார். "இல்லை" என்றார் அவர். ஏன் என்று அதிகாரி கேட்கவில்லை. பதில் தன் பக்கம் இருக்கும்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அந்த அறையில் இருந்தவர்களை இப்போது எண்ணிப் பாருங்கள். சாட்சி, அத்தான், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், நான். ஐந்து பேருக்கும் எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடையில் இருக்கும் காலம் என்னவென்று தெரியும். எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தெரியாதவர் அரச தரப்பு அதிகாரி ஒருவர் மட்டும். அதனால் யாரும் அதைச் சொல்லவில்லை. வழக்கறிஞர் அதற்கு ஓர் ஐயருடைய கடிதமோ, ஒரு பேராசிரியருடைய அறிக்கையோ ஆவணக் கட்டில் வைக்கவில்லை. வேறு ஒரு நீதிபதியிடம் போயிருந்தால் வைத்திருப்பார். என் பெயரைப் பட்டியலில் கண்டதும் தேவையில்லை என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடிவில் வழக்கறிஞர் ஒரு வரி சொன்னார்: "இவருக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளை வேண்டும் என்கிறார். காலம் இந்த வழக்கில் ஒரு தரப்பு."

நான்கு நாளில் தீர்ப்பு எழுதினேன். முறையீட்டை அனுமதித்தேன். பதினான்காம் பத்தி இப்படி இருந்தது: 'யாழ்ப்பாண இந்துக் குடும்பங்களில் பதிவுத் திருமணத்தின் பின்னும் தாலிகட்டும்வரை தம்பதியர் சேர்ந்து வாழ்வதில்லை என்பது நன்கு அறியப்பட்டதே. ஆகவே இவர்கள் சேர்ந்து வாழாதது திருமணத்தின் உண்மைத்தன்மைக்கு எதிரான சான்றல்ல, ஆதரவான சான்று.' அதை எழுதியபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்தக் கதிரையில் ஒரு தமிழர் இருப்பதற்குப் பயன் இதுதான் என்று நினைத்தேன்.

அரச தரப்பு மேல் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஏழு மாதத்தில் என் தீர்ப்பு ரத்தானது. ரத்துச் செய்த தீர்ப்பு இரண்டு பக்கம். அதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. 'நன்கு அறியப்பட்டது என்கிறார் நீதிபதி. யாரால் என்று சொல்லவில்லை. விசாரணையில் இது பேசப்பட்டதற்குப் பதிவு இல்லை. அரச தரப்புக்கு இதை மறுக்க வாய்ப்புத் தரப்படவில்லை.' வழக்கைத் தொடக்கத்திலிருந்து வேறொரு நீதிபதி கேட்கவேண்டும் என்று உத்தரவு. அதற்கு நாள் கிடைக்க இன்னும் ஒன்பது மாதம்.

அன்று மாலை தொலைபேசியில் என் அண்ணனிடம் சொன்னேன். அவர் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சட்டம் படித்தவரல்ல. பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பொறு. அந்தப் பிள்ளை இதைச் சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை."

"லோயர்?"

"இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியும்தானே, அண்ணை."

"எடி, அப்ப நீ அங்கை ஜட்ஜா இருக்கேல்லை. சாட்சியா இருந்திருக்கிறாய். அதுவும் சத்தியம் பண்ணாத சாட்சி."

அதன் பின் அவருக்குப் பின்னால் நின்ற அண்ணி சிரித்தது கேட்டது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

அடுத்த ஆண்டு மேல் தீர்ப்பாயத்துக்கு நியமனம் கிடைத்தது. சில முறையீடுகளை அங்கே இருவர் சேர்ந்து கேட்போம். முதல் வாரமே, என் தீர்ப்பை ரத்துச் செய்தவரின் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். மெலிந்த மனிதர். யாரையும் அறிவுறுத்தும் வழக்கம் இல்லாதவர். தேநீர் வேளையில் பிஸ்கட் பெட்டியை என் பக்கம் நகர்த்தியபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

"உங்கள் தீர்ப்பு ஒன்றை நான் ரத்துச் செய்திருக்கிறேன்."

"தெரியும். பதினான்காம் பத்தியில் நான் எழுதியது உண்மை."

"அதைப் பொய் என்று நான் எங்கும் எழுதவில்லையே," என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். பேச்சு அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் ஒரு தகப்பனின் வழக்கு. முதல் நிலைத் தீர்ப்பில் பிழை இருந்ததால் சாட்சியத்தை நாங்களே கேட்டுப் புதிதாக முடிவு செய்யவேண்டியிருந்தது. பிரிந்து வாழும் தன் பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு ஞாயிறும் வால்தம்ஸ்டோவுக்குப் பேருந்தில் போகிறேன் என்றார் அந்த மனிதர். அவர் இந்த நாட்டில் இருக்கலாமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தங்கியிருந்தது. பேருந்தின் இலக்கத்தையும் சொன்னார். என் அருகில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இரு தரப்புக்கும் ஒன்று சொல்லவேண்டும். நான் அந்தப் பகுதியில் பதினாறு வருடம் குடியிருந்தவன். ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பேருந்து ஓடாது என்பது என் நினைவு. இது உங்கள் ஆவணக் கட்டில் இல்லை. என் தலையில் இருக்கிறது. பிழையென்றால் இப்போதே திருத்துங்கள்."

தகப்பன் தன் வழக்கறிஞரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வழக்கறிஞர் ஓர் இளம் பெண். எழுந்து நின்றார்.

"ஐயா அங்கிருந்து எப்போது வீடு மாறினீர்கள்?"

"பத்து வருடம் இருக்கும்."

"அதற்குப் பிறகு ஞாயிறும் ஓடுகிறது. நான் அதில்தான் சந்தைக்குப் போகிறேன்."

அரச தரப்பு அதிகாரி தன் தொலைபேசியில் பார்த்துவிட்டு, ஓடுகிறது என்று தலையைத் தாழ்த்திச் சொன்னார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் அருகில் இருந்தவர் நன்றி சொல்லி அதை எழுதிக்கொண்டார். அவருக்கு வெட்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், இல்லாத பேருந்தில் போனதாகச் சொன்னவர் என்று ஒரு தகப்பனை நாங்கள் இருவரும் சேர்ந்து நம்பாமல் விட்டிருப்போம். தீர்ப்பும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும்.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் நானும் அதைக் கடைப்பிடித்தேன். எனக்குச் சொந்தமாகத் தெரிந்தது ஏதாவது வழக்கைத் தொட்டால், அறையில் எல்லோரும் இருக்கும்போது உரக்கச் சொல்லிவிடுவேன். இரண்டு தடவை என்னைத் திருத்தினார்கள். ஒரு தடவை, என்னை விலகச் சொல்லிக் கேட்டார்கள். விலகினேன். பதினான்காம் பத்தியின் பாடத்தை முழுதாகப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, செவன் கிங்ஸில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தீர்ப்பாயத்தில் மேலங்கியும் இல்லை, பொய்முடியும் இல்லை. அதனால் கடையில் கண்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கோட்டிலை இருந்தனீங்கள்தானே?"

"இருந்தனான். இப்ப ரிட்டயர் பண்ணியிட்டன்."

"என்னை நினைவிருக்காது. இவருக்கு விசா தந்தனீங்கள். பிறகு மேலை ஒருத்தர் வெட்டிப்போட்டார்."

மீன் வெட்டும் மேசையடியில் நின்ற ஒருவரைக் கையால் காட்டினார். அவர் அறுக்குளா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்தான். ரெண்டாம் தரம் கேட்டுத்தான் விட்டவை. இப்ப ஏர்போட்டிலை வேலை." பிறகு என் கையைத் தொட்டார். "உங்களை நான் மறக்கேல்லை. வெட்டின மனிசனையும் மறக்கேல்லை. எங்கை இருந்தாலும் நல்லா இருக்கமாட்டான்."

அந்த மனிதர் அப்போது கடலோரம் ஒரு வீட்டில் தக்காளி வளர்த்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். ஆண்டு முடிவில் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். அதை நான் சொல்லவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"பிள்ளையள்?"

"இல்லை. இவர் வந்து சேரேக்கை எனக்கு நாப்பத்தொண்டு. மூண்டு தரம் ஆஸ்பத்திரியிலை செய்து பாத்தம். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் எண்டு டொக்டர் சொன்னார். சரி, விடுங்கோ. உங்களைப்போல ஒரு ஆள் மேலையும் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

கேட்ட வழக்கைப் பற்றி நாம் வெளியில் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற பின்னும் பேசுவதில்லை. இது நல்ல வழக்கம், நீங்களும் பேசாதீர்கள். ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு முருங்கைக்காயுடன் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. கூடையைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, அவர் வெட்டினது சரி. பிழை விட்டது நான்."

"என்ன சொல்லுறியள்? நீங்கள் எழுதினதை லோயர் வாசிச்சுக் காட்டினவர். எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே."

"அப்பிடித்தான். ஆனால் அதை நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. ஏன் ஒண்டா இருக்கேல்லை எண்டு அண்டைக்குக் கேட்டு, நீங்கள் சொல்லி, அதை நான் எழுதியிருந்தால் ஆராலும் வெட்டியிருக்க ஏலாது. நீங்கள் சொல்லாததை நான் எழுதினனான். அதாலைதான் உங்களுக்கு அந்த ஒண்டரை வருசம் போனது."

 அவர் மீன் மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டிருந்தால் நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன், அக்கா."

"ஏன்?"

"நாங்கள் ஒண்டாத்தான் இருந்தனாங்கள்."

எழுத்து முடிந்து லண்டனுக்குத் திரும்பிய அந்த ஆண்டே, சிதம்பரம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இந்தியாவுக்குப் போயிருக்கிறார். கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறார். ஒன்பது நாள் ஒரு விடுதியில் இருவர் பெயரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரியாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் அத்தான், அவருக்கும் தெரியாது. இரண்டாம் விசாரணைக்கு அத்தானை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, புது வழக்கறிஞரிடம் விடுதிப் பற்றுச்சீட்டைக் கொடுத்திருக்கிறார்.

"அங்கை இருந்த ஜட்ஜ் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க வந்தது ஒரு மலேசியப் பிள்ளை. எனக்கு ஒரு கூச்சமும் இருக்கேல்லை. பத்து நிமிசத்திலை முடிஞ்சுது."

நான் எழுதிய வழக்கம் உண்மை. எங்கள் ஊரில் இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். இந்தப் பெண் அதன்படி நடக்கவில்லை. அவர்கள் சேர்ந்து வாழாதது ஆதரவான சான்று என்று, சேர்ந்து வாழ்ந்த இருவரைப் பற்றி எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

"முதல் தரம் ஏன் சொல்லேல்லை? அத்தான் பின்னாலை இருந்தபடியாலோ?"

"அத்தான் இருந்தவர்தான். எண்டாலும் வாறது வரட்டும், சொல்லுறது எண்டுதான் வந்தனான். லோயருக்கும் சொல்லாமல் பில்லை ஹான்ட்பாக்கிலை வைச்சிருந்தனான். வயசு போகுது, இனி என்ன வெக்கம் எண்டு. எழுத்துத்தான் முடிஞ்சது, தாலி கட்டேல்லை, சித்தி வீட்டை நிண்டனான் எண்டு சொன்னன். அடுத்ததா இதைச் சொல்லத்தான் வாயெடுத்தனான். நிமிந்து உங்களைப் பாத்தன். நீங்கள் தலையாட்டினீங்கள்."

"நானோ?"

"ஓம். அந்தத் தம்பி இங்கிலீசிலை சொல்ல முந்தியே ஆட்டினீங்கள். முகமும் நல்ல முகமா இருந்தது. சரி, இவவுக்கு எல்லாம் விளங்கியிட்டுது, இனி இதைச் சொல்லி மானம் போகத் தேவையில்லை எண்டு விட்டிட்டன்."

மீன் மேசையிலிருந்து கணவர் கூப்பிட்டார். தலையையும் போடச் சொல்லவா என்று கேட்டார். "போடச் சொல்லுங்கோ" என்றார் அவர். என்னிடம், "யோசிக்காதேங்கோ அக்கா, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலையாட்டியது எனக்கு நினைவில்லை. ஆட்டியிருப்பேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவே எல்லோரும் ஆட்டுவோம். மரியாதை என்றும் நினைத்திருப்பேன். பத்தியில் எழுதிய பிழையை மேலே ஒருவர் கண்டுபிடித்து இரண்டு பக்கத்தில் ரத்துச் செய்தார். இருபது ஆண்டுகளில் நான் எத்தனை பேருக்கு அப்படித் தலையாட்டினேன், அவர்கள் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. அதற்கு முறையீடும் கிடையாது.